எத்தனை மணிக்கு உயிருக்கு ஆபத்து?

பதினேழாவது வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டால் என்ன ஆகும் என்று, பிரசவ வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ் யாரையாவது கேளுங்கள். ஒரே வரியில் பதில் வரும்: குழந்தை நிற்காது, இனி அம்மாவைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதன் முதல் பாதியில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாம் பாதியை நிறைவேற்றச் சில நாடுகளில் மருத்துவர்கள் வக்கீலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதல் பாதிக்குக் காரணம் நுரையீரல். பனிக்குடம், ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மெல்லிய சவ்வுகளால் ஆன பை. உள்ளே இருக்கும் நீர் சிசு அடிபடாமல் காப்பதற்கு மட்டும் அல்ல. அதன் நுரையீரல் வளர்வதற்கே அந்த நீர் வேண்டும். சிசு அதை உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிறது. நுரையீரல் திரவத்தால் நிறைந்து விரிந்திருந்தால்தான் அதற்குள் கிளைகள் பிரியும். பதினேழாவது வாரத்தில் மூச்சுக்குழாயின் கிளைகள் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கிற காற்றறைகள் இன்னும் உருவாகியிருக்காது. எப்பேர்ப்பட்ட வென்டிலேட்டரை வைத்தாலும் இல்லாத அறைக்குள் காற்றை அனுப்ப முடியாது. உலகத்தின் மிகச் சிறந்த பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில்கூடப் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 22-வது வாரத்தில்தான் தொடங்குகிறது.

இதயத்தின் கதை வேறு. ஆறாவது வாரவாக்கிலேயே ஸ்கேனில் துடிப்பு தெரிந்துவிடும். நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்வரை, பனிக்குடம் உடைந்தாலும் நீர் முழுக்க வடிந்தாலும் அது துடிக்கும். இந்தச் சிசு பிழைக்குமா என்பதற்கு அந்தத் துடிப்பில் பதில் இல்லை. தாய் எப்படி இருக்கிறாள் என்பதற்கும் இல்லை. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இனி தாய். பனிக்குடம் மூடியிருக்கிறவரை, பிறப்புப் பாதையில் இயல்பாகக் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குக் கருப்பைக்குள் போக வழி கிடையாது. பை கிழிந்து கருப்பை வாயும் திறந்துவிட்டால் தடை போய்விட்டது. முதலில் சவ்வுகளில் தொற்று, பிறகு நஞ்சுக்கொடியில், பிறகு கருப்பைச் சுவரில். கர்ப்ப காலத்தில் கருப்பைக்குப் போகும் ரத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அதனால் அங்கே பிடித்த தொற்று உடல் முழுக்கப் பரவ அதிக நேரம் ஆவதில்லை. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பு கட்டு மீறிப்போய்த் தன் உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குவதைத்தான் செப்சிஸ் என்கிறோம். ஆன்டிபயாடிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் தொற்றுக்கு இடம் கொடுத்திருக்கும் திசு உள்ளேயே இருக்கிறவரை மருந்து பாதி வேலைதான் செய்யும். கருப்பை காலியாக வேண்டும். மருந்து கொடுத்து வலி வரவழைத்தோ, சிறிய அறுவை சிகிச்சை மூலமோ அதைச் செய்வார்கள். மருத்துவப் புத்தகத்தில் இது சிகிச்சை. சட்டப் புத்தகத்தில், இதயம் துடித்துக்கொண்டிருந்தால், கருக்கலைப்பு.

2012 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை. சவிதா ஹலப்பனவர் முதுகுவலியோடு அயர்லாந்தின் கால்வே நகரப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்தார். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், வயது 31, பதினேழு வாரக் கர்ப்பம். பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே திரும்பி வந்தபோது பனிக்குடச் சவ்வு கருப்பை வாய்க்கு வெளியே பிதுங்கியிருந்தது. கருச்சிதைவைத் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் 16,900. கர்ப்பத்தில் இந்த எண்ணிக்கை கொஞ்சம் கூடுவது உண்டு; ஆனாலும் திரும்பப் பார்த்திருக்க வேண்டிய எண். யாரும் பார்க்கவில்லை. நள்ளிரவு தாண்டியதும் பனிக்குடம் உடைந்தது.

செவ்வாய்க்கிழமை சவிதாவும் கணவரும் கேட்டார்கள்: குழந்தை பிழைக்காது என்று நீங்களே சொல்கிறீர்கள், இதை இப்போதே முடித்துவிடக் கூடாதா? முடியாது என்றார் மருத்துவர். சிசுவின் இதயம் துடிக்கிறது, தாயின் உயிருக்கு இப்போது ஆபத்து இல்லை, ஆகவே சட்டம் இடம் கொடுக்காது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு மருத்துவச்சி சொன்னதும் பின்னால் விசாரணையில் வந்தது. சூழ்நிலையை விளக்குவதற்காகத்தான் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். பத்திரிகைகள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டன. என்னைக் கேட்டால், அது அன்றைக்கு அங்கே பேசப்பட்டவற்றில் முக்கியமில்லாத வாக்கியம். முக்கியமான வாக்கியம் மருத்துவர் சொன்னது, அதை அவர் தன் வாயால் சொன்னாலும் எழுதிக் கொடுத்தது வேறொருவர்.

புதன்கிழமை காலை 6.30. காய்ச்சல் 39.6 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 160, பிறப்புப் பாதையில் துர்நாற்றத்தோடு கசிவு. மருத்துவப் படிப்பின் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரியும். ஆனால் காலை ரவுண்ட்ஸ் வந்த மூத்த மருத்துவருக்குத் துர்நாற்றக் கசிவு பற்றிய தகவல் போய்ச் சேரவில்லை. மதியம், இதயத் துடிப்பு இருந்தாலும் கர்ப்பத்தை முடித்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தபோது துடிப்பு தானாகவே நின்றிருந்தது. அன்று பிற்பகல் சிசு வெளியே வந்தது. சவிதா தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியா. 28-ஆம் தேதி அதிகாலை இறந்தார்.

மருத்துவர் கையைக் கட்டிப்போட்ட வாக்கியம் எங்கிருந்து வந்தது? 1983-இல் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அரசியல் சாசனத்தில் எட்டாவது திருத்தத்தைச் சேர்த்தார்கள். கருவின் உயிருரிமை, தாயின் உயிருரிமைக்குச் சமம் என்பது அதன் சாரம். 1992-இல், பலாத்காரத்தால் கர்ப்பமாகி, தற்கொலை எண்ணத்தில் இருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது. தாயின் உயிருக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால் கருக்கலைப்பு செய்யலாம். உடல்நலத்துக்கு ஆபத்து என்பது போதாது. மீறினால் 1861-ஆம் வருடத்து ஆங்கிலேயர் சட்டப்படி ஆயுள் தண்டனை வரை உண்டு.

நீதிமன்ற அறையில் உட்கார்ந்து படித்தால் இந்தப் பாகுபாடு தெளிவாகத்தான் இருக்கிறது: உடல்நலம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம், நடுவில் ஒரு கோடு. வார்டில் அந்தக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. சட்டம் நோயைப் படிக்கட்டு என்று நினைக்கிறது, செப்சிஸோ சரிவு. அதிலும் கர்ப்பிணியின் உடலில் அது கூடுதலாக ஏமாற்றும். கர்ப்பத்தில் நாடித்துடிப்பு இயல்பாகவே கூடுகிறது, வெள்ளையணுக்கள் கூடுகின்றன, ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. செப்சிஸின் ஆரம்ப அடையாளங்களும் இவையேதான். தவிர, இளம்பெண்ணின் ஆரோக்கியமான இதயம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியத் தொடங்கினாலும் வேகமாக அடித்து அழுத்தத்தைத் தக்கவைக்கும். பிறகு ஒரே மூச்சில் விழும். விழுந்த பிறகு கணக்கு மணிக்கணக்கில்தான். செப்டிக் ஷாக் நோயாளிகளைப் பற்றி 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ரத்த அழுத்தம் விழுந்ததிலிருந்து சரியான ஆன்டிபயாடிக் போடத் தாமதமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 சதவீதம் குறைந்திருந்தது.

அதாவது, உயிருக்கு ஆபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நேரம், சிகிச்சைக்குத் தாமதமாகிவிட்ட நேரம். அதற்கு முந்தைய நேரத்தில் சிகிச்சை பலிக்கும், ஆனால் ஆபத்தை நிரூபிக்க முடியாது. திங்கள் அல்லது செவ்வாய் கர்ப்பத்தை முடித்திருந்தால் சவிதா பெரும்பாலும் பிழைத்திருப்பார், ஆனால் அன்றைக்குச் சட்டப்படி அதைச் செய்திருக்க முடியாது என்று மரண விசாரணையில் சாட்சி சொன்னார் டப்ளின் மகப்பேறு மருத்துவர் பீட்டர் பாய்லன். இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதைத் தள்ளிவிடவும் கூடாது. சவிதாவைக் கொன்றது சட்டம் அல்ல, கவனக்குறைவு என்கிறார்கள் எட்டாவது திருத்தத்தை ஆதரித்தவர்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்திருந்தால், நான்கு மணிக்கொரு முறை நாடியும் காய்ச்சலும் ஒழுங்காகக் குறித்திருந்தால், செவ்வாய் இரவே செப்சிஸ் பிடிபட்டிருக்கும். பிடிபட்டிருந்தால் பழைய சட்டமே கருக்கலைப்பை அனுமதித்திருக்கும். இந்த வாதத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அயர்லாந்தின் மருத்துவத் தரக் கண்காணிப்பு ஆணையம், தவறவிட்ட வாய்ப்புகள் என்று பதின்மூன்றை எண்ணிக்காட்டியது.

ஆனால் அரசு சுகாதாரத் துறை அமைத்த விசாரணைக் குழு இன்னொன்றையும் சொன்னது. அந்தக் குழுவின் தலைவர் சர் சபாரத்தினம் அருள்குமரன், லண்டனில் பணியாற்றிய இலங்கைத் தமிழர், அப்போது உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் தலைவர். 2013 ஜூனில் வெளியான அறிக்கை மூன்று காரணங்களைச் சொல்கிறது. நோயாளியைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பது ஒன்று. செப்சிஸ் வழிகாட்டு நெறிகளைப் பின்பற்றவில்லை என்பது ஒன்று. நடுவில் உள்ளதுதான் முக்கியம்: நேரம் போகப்போகத் தாய்க்கு ஆபத்து கூடும் நிலையில், எல்லா சிகிச்சை வழிகளையும் அவர் முன் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? சட்டத்தை மருத்துவர்கள் புரிந்துகொண்டிருந்த விதம் அப்படி. தேவைப்பட்டால் அரசியல் சாசனத்தையே திருத்துவது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று ஒரு மருத்துவ அறிக்கை பரிந்துரைத்தது சாதாரண விஷயம் அல்ல. (அருள்குமரன் பிறந்த இலங்கையில், தண்டனைச் சட்டத்தின் 303-வது பிரிவு இன்றைக்கும் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும்தான் விலக்கு தருகிறது.)

கவனக்குறைவா, சட்டமா என்று பிரித்துப் பேசுவதே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருப்பதுதான் சிகிச்சைத் திட்டம் என்றால், கண்காணிப்பில் ஒரு தவறும் நடக்கக் கூடாது. தவறே நடக்காத வார்டு எந்த நாட்டிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை கருப்பையைக் காலி செய்திருந்தால், புதன்கிழமை யாரோ ஒரு குறிப்பைப் படிக்காமல் போனது ஒரு மரணத்தில் முடிந்திருக்காது.

ஒரு நாட்டின் ஒரு மரணத்தை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்கலாம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் இந்தக் கேள்விக்குத் தெரியாமலே ஒரு சோதனை நடத்திக்கொடுத்தது. 2021 செப்டம்பரில் அங்கே இதயத் துடிப்பு தெரிந்த பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. மருத்துவ அவசரநிலைக்கு மட்டும் விலக்கு. டல்லஸ் நகரின் இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 22 வாரத்துக்கு முன்பே பனிக்குடம் உடைவது போன்ற சிக்கல்களோடு வந்த 28 பெண்களை மருத்துவர்கள் பின்தொடர்ந்தார்கள். சட்டப்படி அவசரநிலை வருவதற்குச் சராசரியாக ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தொற்று, பெரும் ரத்தப்போக்கு போன்ற கடுமையான பாதிப்பு ஏற்பட்டது. இப்படிப்பட்ட தடை இல்லாத மாநிலங்களில், இதே நிலையில் உடனே கர்ப்பத்தை முடித்துக்கொண்டவர்களில் அது 33 சதவீதம். சரி, காத்திருந்ததால் எத்தனை குழந்தைகள் பிழைத்தன? ஆய்வு வெளியானபோது ஒன்று மட்டும்.

அந்த ஒன்றுக்காகக் காத்திருக்க ஒரு தாய் விரும்பலாம். விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். நெருங்கிய கண்காணிப்போடு காத்திருப்பதும் முறையான மருத்துவ வழிதான். குறிப்பாக 20-வது வாரம் தாண்டியவர்களில் சிலருக்கு அது பலித்தும் இருக்கிறது. ஆபத்து இவ்வளவு, வாய்ப்பு இவ்வளவு என்று தெரிந்து ஒருத்தி எடுக்கும் முடிவு அது. அவள் வேண்டாம் என்ற பிறகும் காத்திருக்க வைப்பதற்கு வேறு பெயர் தர வேண்டும்.

சட்டத்தில் விலக்கு எழுதியிருக்கிறதே, மருத்துவர்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்று டெக்சஸ் அரசியல்வாதிகள் கேட்டார்கள். 2022-இல் அங்கே வந்த முழுத் தடைச் சட்டப்படி, தப்பாகிப்போனால் 99 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், மருத்துவ உரிமம் ரத்து. விலக்கின் எல்லையைப் பின்னால் தீர்மானிக்கப்போவது மருத்துவர் அல்லாதவர்கள். இந்த நிலையில் யார்தான் காத்திருக்க மாட்டார்கள்? கடைசியில் 2025-இல் அந்த மாநிலமே, ஆபத்து உடனடியாக வந்து நிற்க வேண்டியதில்லை என்று தன் சட்டத்துக்கு விளக்கம் சேர்த்தது. அயர்லாந்தில் இந்தப் பயம் இன்னும் விசித்திரமான எல்லைக்குப் போனது. 2014 டிசம்பரில், மூளைச்சாவு அடைந்த ஒரு கர்ப்பிணியின் உடலைக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வாரக்கணக்கில் கருவிகளால் இயங்கவைத்தார்கள். மூளைச்சாவின்போது கருவுக்குப் பதினைந்து வாரம். கருவிகளை நிறுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

பனிக்குடம் உடைவதாவது கொஞ்சம் சிக்கலான கேள்வி. கருக்குழாயில் கரு தங்கிவிடுவதில் கேள்வியே கிடையாது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படிக் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கிவிடுகின்றன. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். இங்கேயும் சில நேரம் ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரியும். பிழைக்க வழியே இல்லாத துடிப்பு. 1883-இல் இங்கிலாந்தில் லாசன் டெய்ட் வெடித்த குழாயை அகற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றிக் காட்டும்வரை இது பெரும்பாலும் மரண தண்டனை. 1982-இல் ஜப்பானிய மருத்துவர்கள் கத்தி இல்லாமல் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தால் இதைக் குணப்படுத்தினார்கள். வேகமாகப் பிரியும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் கிடைக்காமல் செய்யும் மருந்து அது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்ரகடா சுப்பாராவின் குழு, லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்த கையோடு அதை எதிர்க்கும் மருந்துகளையும் உருவாக்கியது. கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற ஃபோலிக் மாத்திரையும், குழாய்க் கர்ப்பத்தைக் கரைக்கிற ஊசியும் ஒரே பரம்பரை. 2022 ஜூன் 24-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்தபின், தடை வந்த மாநிலங்களில் மூட்டுவாதத்துக்கு இந்த மருந்தை வாங்கப்போன பெண்களையே சில மருந்துக்கடைகள் காக்கவைத்தன.

அயர்லாந்து மாறிவிட்டது. 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் எட்டாவது திருத்தத்தை நீக்கச் சொன்னார்கள். 2019 முதல் அமலில் உள்ள சட்டத்தில், உயிருக்கு ஆபத்து என்பதோடு உடல்நலத்துக்குக் கடுமையான தீங்கு என்பதும் சேர்ந்திருக்கிறது. இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்து உடனடியாக இருந்தால் ஒருவர் போதும்.

நம் நாட்டில் இந்த விஷயத்தில் 1971-லேயே கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள் என்று சொல்லலாம். ஆங்கிலேயர் விட்டுப்போன, 2024 வரை அமலில் இருந்த தண்டனைச் சட்டத்தின் 312-வது பிரிவு அயர்லாந்துச் சட்டத்தின் சகோதரிதான். சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு வந்த கருக்கலைப்புச் சட்டம், தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் தீங்கு என்றாலே போதும் என்றது. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை சில பிரிவினருக்கு இருவர். சிசுவுக்குப் பெரிய குறைபாடு என்று மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பு கிடையாது.

அந்தக் கடைசி விதி சும்மா வரவில்லை. சிசுவின் உறுப்புகளை அலசும் டிஃபா ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில் எடுப்பது. இதயத்தில் சந்தேகம் வந்தால் சிசு எக்கோ எடுத்து உறுதி செய்ய மேலும் சில வாரம் போகும். 2008-இல் நிகேதா மேத்தா மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது சிசுவின் இதயக் கோளாறு தெரியவந்தே 24 வாரம் ஆகியிருந்தது. பழைய வரம்பான 20 எப்போதோ தாண்டிவிட்டது. நீதிமன்றம் மறுத்தது. குறைபாடு என்பதைக் காரணமாகச் சொல்லிக் கலைப்பது மாற்றுத்திறனாளிகளை இந்தச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதையும் காட்டுகிறது என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். அதற்கு என்னிடம் எளிய பதில் இல்லை. மூளையே உருவாகாத சிசுவையும் டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுவையும் ஒரே சொல்லில் அடக்குவது தவறு என்பது மட்டும் தெரியும்.

தாயின் உயிர் பற்றிய கேள்விக்கு நம் சட்டத்தில் பதில் இருக்கிறது, பல குடும்பங்களுக்கு அது தெரியாது. ஐந்தாவது மாதத்தில் தண்ணீர் போனால், அதிலும் கூடவே காய்ச்சலோ குளிரோ துர்நாற்றமோ இருந்தால், விடியட்டும் என்று வீட்டில் உட்காராதீர்கள். உயிரைக் காக்க உடனே தேவை என்று ஒரு மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால், எத்தனையாவது வாரமானாலும், இரண்டாவது மருத்துவரோ வாரியமோ நீதிமன்றமோ இல்லாமல் கர்ப்பத்தை முடிக்கலாம் என்கிறது சட்டத்தின் ஐந்தாவது பிரிவு. பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்துப் போட வரும்வரை காத்திருக்கச் சொன்னால், அப்படி ஒரு விதி கிடையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.